தூங்கக்கூடாத பெட்டி

எங்கள் ஆஸ்பத்திரியில் அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. எல்லார் வாயிலும் இருந்தது ‘டபுள் ரிங்’. கண்காணிப்பாளர் முதல் லிஃப்ட் ஓட்டுகிறவர் வரை அப்படித்தான் சொல்வார்கள், நேரில் பார்த்தால் மட்டும் ‘சார்’ போடுவார்கள். நான் நேரிலேயே அப்படிக் கூப்பிட்டிருக்கிறேன். மகப்பேறு வார்டில் இருபத்திரண்டு வருஷம் நின்றவளுக்கு வாய் இல்லாமல் வேறு யாருக்கு இருக்கும்?

அவர் டெலிபோன் ஆபரேட்டராக வேலைக்கு வந்தவர். கீழ்த்தளத்தில் மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை. கையை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் தட்டுப்படும். அங்கே உட்கார்ந்து வெளியிலிருந்து வரும் அழைப்பை வார்டுக்கும் வார்டிலிருந்து வருவதை டாக்டர்களுக்கும் மாற்றிக் கொடுப்பதுதான் வேலை. சேர்ந்த புதிதில் ஓர் அவசரம் வந்தது. ஓய்வறையில் கண் அயர்ந்திருந்த அறுவை டாக்டருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். டாக்டர் ‘சரி, வர்றேன்’ என்று தெளிவாகச் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துவிட்டார். தூக்கத்திலேயே பேசியிருக்கிறார். போன் வந்தது பிறகு அவருக்கு ஞாபகமே இல்லை. நல்லவேளையாக வேறொரு டாக்டர் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் திரும்பி வந்தார். இல்லையென்றால் ஓர் உயிர் போயிருக்கும்.

அன்றிலிருந்து அவர் இரண்டு தடவை கூப்பிட ஆரம்பித்தார். முதல் ரிங் ஆளை எழுப்ப மட்டும். எடுத்தால், ‘டாக்டர், எழுந்து முகம் கழுவிக்கோங்க, மறுபடி கூப்பிடறேன்’ என்று வைத்துவிடுவார். இரண்டு நிமிஷம் கழித்து இரண்டாவது ரிங். விஷயம் அதில்தான் வரும். முதல் ரிங்கில் எதிர்ப்பக்கம் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். தூக்கத்தில் சொல்கிற பதில் பதிலே இல்லை என்பது அவர் கட்சி. டாக்டர்கள் முதலில் எரிந்து விழுந்தார்கள், பிறகு பழகினார்கள். பழகிய பிறகு அவர் லீவு போட்ட நாட்களில் திண்டாடினார்கள்.

அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தபோது என்னிடம் சொன்னார்: “வீட்லயும் இதே கதைதான் சிஸ்டர். முதல்ல பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். என்னன்னு கேட்டா பதில் வராது. ரெண்டாவது தடவை கூப்பிட்டுத்தான் உப்பு எங்கன்னு கேப்பார். கல்யாணமான புதுசுல இந்த மனுஷனுக்குக் காது மந்தம்னே நெனச்சேன்.”

அவருக்கு நாற்பத்து நாலு வயதானபோது தானாக இயங்கும் எக்ஸ்சேஞ்ச் வந்தது. ஆபரேட்டர் தேவையில்லை என்றாகிவிட்டது. பழைய கேஸ் கட்டு அடுக்குகிற ஆவண அறைக்கு அவரை அனுப்பிவிடுவார்கள் என்று எல்லோரும் முடிவே கட்டிவிட்டோம். மனிதர் சாயங்கால வகுப்பில் சேர்ந்து கம்ப்யூட்டர் படித்தார். தன் மகள் வயசுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு வருஷம் படித்து, கம்ப்யூட்டர் பிரிவுக்கு உதவியாளராகப் போனார். அங்கே பொறுப்பாக இருந்தவர் வேறு நல்ல இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டார். புது ஆளைப் போடவில்லை. சர்வர் முழுக்க இவர் தலையில் விழுந்தது.

அந்த சர்வரும் அதே மாடிப்படி அறையில்தான் வந்து உட்கார்ந்தது. டெலிபோன் பலகை இருந்த இடத்தில் அலமாரி உயரத்துக்கு ஒரு மெஷின், அதற்கு ஒரு ஏசி, ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீருக்கு ஒரு வாளி. ஒருநாள் டிஸ்சார்ஜ் சீட்டு வர நேரமாகிறதென்று சண்டை போடப் போனேன். அவர் சண்டைக்கு வராமல் பாடம் எடுத்தார்.

“சிஸ்டர், இதுல இருபத்திரண்டு சின்னச் சின்ன வேலை இருக்கு. டிஸ்சார்ஜ் சீட்டு ஒரு வேலை, லேப் ரிப்போர்ட் அனுப்புறது ஒரு வேலை. ஒவ்வொண்ணும் ஒரு பெட்டிக்குள்ள. அந்த வேலைக்கு என்னென்ன வேணுமோ அத்தனையும் அந்தப் பெட்டியிலயே இருக்கும். யாராவது கூப்பிட்டா பெட்டி எழுந்து வேலையை முடிக்கும். கால் மணி நேரம் யாரும் கூப்பிடலைன்னா தூங்கிடும்.”

“ஏன் தூங்கணும்? நாங்கல்லாம் தூங்கறமா?”

“எல்லாம் ஒரே நேரத்துல முழிச்சிருந்தா இந்த ஒத்தை மெஷின் தாங்காது சிஸ்டர். வேலை இருக்கறவங்க முழிச்சிருந்தா போதும். உங்க சீட்டுப் பெட்டி இப்பதான் எழுந்திருக்கு. மேல போங்க, வந்திருக்கும்.”

வந்திருந்தது. கன்டெய்னர், ஃபங்ஷன் என்று அதற்கெல்லாம் அவர்கள் துறையில் பெயர் உண்டு. எனக்கு அன்றிலிருந்து பெட்டிதான். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பக்கம் அமைப்புக் குறிப்பு உண்டு. கூப்பிட்டவர் எத்தனை நொடி காத்திருக்கலாம், பதில் வராவிட்டால் மறுபடி எத்தனை தடவை முயலலாம், எவ்வளவு நேரத்தில் தூங்கலாம் என்று அதில் எழுதியிருக்கும். இரண்டு விரலால் தட்டித் தட்டி அத்தனையும் எழுதியது அவர்தான்.

தினமும் காலை பத்து மணிக்கு இருபத்திரண்டு பெட்டியையும் அவரே ஒரு தடவை சோதிப்பார். ஒரு தடவை என்றா சொன்னேன்? இரண்டு தடவை. பழக்கம் போகுமா? முதல் அழைப்பு பெட்டியை எழுப்ப. அதை விட்டுவிட்டு அடுத்த பெட்டிக்குப் போவார், இருபத்திரண்டையும் எழுப்பிவிட்டு ஒரு டீ குடிப்பார். பிறகு வரிசையாக இரண்டாவது அழைப்பு. அதற்கு வருகிற பதிலைப் பார்த்து நோட்டில் ஒரு டிக் போடுவார். அந்த நோட்டில் ஒருநாள்கூட விடுபட்டதில்லை.

அந்த இருபத்திரண்டில் ஒன்று ரத்தப் பெட்டி. எங்கள் ரத்த வங்கியில் இருப்பில்லாத அரிய வகை ரத்தம் தேவைப்பட்டால், வார்டில் இருக்கும் கம்ப்யூட்டர் திரையில் சிவப்புப் பொத்தானை மவுஸால் அழுத்த வேண்டும். பெட்டி எழுந்து சுற்றியுள்ள ஐந்து ரத்த வங்கிகளுக்கும் பட்டியலில் இருக்கிற கொடையாளர்களுக்கும் செய்தி அனுப்பும். அனுப்பிய பிறகு பதிவேட்டில் ஒரு வரி எழுதும். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவைதான் அதற்கு வேலை வரும்.

ஒரு தடவை அது பதில் சொல்லத் தாமதித்தபோது சர்வர் தானாகவே மறுபடி மறுபடி அழைத்து, ஒவ்வொரு கொடையாளருக்கும் நாலைந்து செய்தி போய்விட்டது. ஏதோ பெரிய விபத்து என்று நினைத்து அறுபது பேர் வாசலில் வந்து நின்றார்கள். கண்காணிப்பாளர் அவரைக் கூப்பிட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். அன்று மாலையே அவர் குறிப்பில் ‘மறுமுயற்சி: பூஜ்யம்’ என்று மாற்றினார். இரண்டு தடவை கூப்பிட்டே பெயர் வாங்கிய மனிதர், மெஷினிடம் மட்டும் ஒரே தடவை கூப்பிடு என்று சொல்லிவைத்தார். அந்த வேடிக்கை அப்போது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

பிறகு ஒரு நாள், எந்த வங்கி பக்கத்தில் இருக்கிறதோ அதற்கு முதலில் செய்தி போக வேண்டும் என்று மேலிடம் சொன்னது. அவர் அந்தப் பெட்டிக்குள் ஊர் வரைபடத்தையும் சேர்த்தார். மறுநாள் காலை பத்து மணிக்குச் சோதித்து டிக் போட்டார்.

அது நடந்து ஆறு வாரம் இருக்கும். பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு பெண்ணுக்குப் பிரசவம் ஆனது. முதல் குழந்தை. ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்காமல், “மூக்கு யாரு மாதிரி இருக்கு சிஸ்டர்?” என்று கேட்டாள். “உன்னை மாதிரி இல்லாம இருந்தா சரி” என்றேன். சிரித்தாள். அடுத்த பத்து நிமிஷத்தில் அவளுக்கு ரத்தப்போக்கு ஆரம்பித்தது, நிற்கவில்லை. அவளுடையது அந்த அரிய வகை. முன்னேற்பாடாக வைத்திருந்த ஒரே பையை ஏற்றிவிட்டு, டாக்டர் என்னைப் பார்த்து, “பொத்தானை அழுத்துங்க” என்றார்.

நான் ஓடினேன். வலது கையுறையைக் கழற்றிவிட்டு அழுத்தினேன். ‘கோரிக்கை அனுப்பப்பட்டது’ என்று பச்சை எழுத்து வந்தது, மூன்று நொடியில் மறைந்தது. மறுபடி அவளிடம் ஓடினேன். மூன்று இருபது.

பக்கத்து வங்கியிலிருந்து பை வர இருபத்தைந்து நிமிஷம் ஆகும். அதுவரை தாக்குப்பிடிக்க வைக்க வேண்டும், எங்களுக்கு அது ஒன்றுதான் தெரிந்தது. மூன்று ஐம்பத்தைந்துக்கு டாக்டர், “ரத்தம் எங்கே?” என்று கத்தினார். நான் எங்கள் ரத்த வங்கிக்குப் போன் போட்டேன். அவர்களுக்கு எதுவுமே தெரியவில்லை. அதன் பிறகு ஒவ்வோர் இடமாகப் போன் போட்டோம். பை வந்தது நாலு நாற்பதுக்கு. அவள் நாலு இருபத்தெட்டுக்கே போய்விட்டாள். குழந்தை பக்கத்து அறையில் பசிக்கு அழுதுகொண்டிருந்தது.

மூன்றாம் நாள் விசாரணை. கண்காணிப்பாளர், நிர்வாக அலுவலர், வேறு ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர் என்று மூன்று பேர். பதிவேட்டைத் திறந்தார்கள். அந்தத் தேதியில் வரி இல்லை. பொத்தான் அழுத்தியிருந்தால் வரி இருக்க வேண்டும், வரி இல்லையென்றால் அழுத்தவில்லை. இதைவிட நேரான கணக்கு உண்டா? நான் கையுறை கழற்றியதைச் சொன்னேன், பச்சை எழுத்தைச் சொன்னேன். டாக்டர் அவள் பக்கம் குனிந்திருந்தார், நான் அழுத்தியதை அவர் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை.

டபுள் ரிங்கைக் கூப்பிட்டார்கள். நோட்டோடு வந்தார்.

“அன்னைக்கு அது வேலை செஞ்சுதா?”

“காலைல பத்து மணிக்குப் பார்த்தேன் சார். சரியா இருந்தது.” நோட்டைத் திருப்பிக் காட்டினார். டிக் இருந்தது.

“மூணு இருபதுக்கு யாராவது கூப்பிட்டாங்களா?”

“யாரு எப்பக் கூப்பிட்டாங்கங்கிற குறிப்பை சர்வர் ஒருநாள்தான் சார் வச்சிருக்கும். டிஸ்க் சின்னது. அதுக்குள்ள அழிஞ்சு போச்சு. பெட்டி தன் குறிப்பைத் தூங்கும்போதே தூக்கிப் போட்டுடும். எனக்குத் தெரிஞ்சு தப்பு எதுவும் இல்லை.”

பொய் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பொய் சொல்கிறவனோடு சண்டை போடலாம். உண்மையை நோட்டுப் போட்டு எழுதி வைத்திருப்பவரிடம் என்ன செய்ய முடியும்? போகும்போது என்னை ஒரு தடவை பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

என்னைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வீட்டில் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர், அதிகம் பேசாதவர். “நீ அழுத்தியிருப்ப, எனக்குத் தெரியும்” என்றார்.

“அழுத்தியிருப்பேன் இல்ல. அழுத்தினேன்.”

“நான் அங்க இல்லையேம்மா.”

கையிலிருந்த டம்ளரைச் சுவரில் அடித்தேன். அவர் அதைப் பொறுக்கி வைத்தார். கோபம் அவர்மேல் இல்லை. நாலைந்து நாள் ஆனதும் எனக்கே சந்தேகம் வர ஆரம்பித்திருந்தது. கையுறையைக் கழற்றியது ஞாபகம் இருக்கிறது. பச்சை எழுத்தும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் பச்சை எழுத்தை நான் பயிற்சி வகுப்பிலும் பார்த்திருக்கிறேனே. அந்த ஞாபகத்தை இங்கே கொண்டுவந்து ஒட்டிக்கொண்டேனோ? பத்தாம் நாள் கண்ணாடி முன்னால் நின்று, நான் அழுத்தவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அதுவும் உண்மை மாதிரியே இருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை. வேலை போனால் போகட்டும், அந்தப் பெண்ணைக் கொன்றது நானா என்பது எனக்கே தெரியாமல் நான் எப்படி இருப்பது?

பதினாலாம் நாள் மறுபடி கூப்பிட்டார்கள். முடிவு சொல்லத்தான் என்று போனேன். அந்தப் பெண்ணின் கணவனையும் வரச்சொல்லியிருந்தார்கள். கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், கண்ணாடி வெட்டுகிற வேலை. விரல்களெல்லாம் சின்னச் சின்னக் கீறல். அவர் என்னைப் பார்க்கவில்லை, மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டபுள் ரிங் தன் லேப்டாப்போடு முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருந்தார். சவரம் செய்திருக்கவில்லை.

“ஒண்ணு காட்டணும் சார்” என்றார். “அரை மணி நேரமா ரத்தப் பெட்டியை யாரும் தொடலை. இப்ப அது தூங்குது. அன்னைக்கு மூணு இருபதுக்கு அது எப்படி இருந்துதோ அப்படி. செய்தி வெளிய போகாத மாதிரி வச்சிருக்கேன், சோதனைதான். இப்பக் கூப்பிடறேன். கடிகாரத்தைப் பாருங்க.”

ஒரு தடவை தட்டினார். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

சுவரில் இருந்தது பழைய கடிகாரம், நொடி முள் நின்று நின்று போகும். பத்து நொடி. இருபது நொடி. நிர்வாக அலுவலர் நாற்காலியில் நெளிந்தார். முப்பதாவது நொடியில் திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது. ‘நேரம் முடிந்தது.’

“வேலை செய்யலையே” என்றார் கண்காணிப்பாளர். “இன்னொரு தடவை கூப்பிடுங்க.”

“வேண்டாம் சார். அன்னைக்கு யாரும் இன்னொரு தடவை கூப்பிடலை.”

இன்னும் பதினோரு நொடி போனது. திரையின் கீழ்ப்பக்கம் ஒரு வரி வந்தது. ‘தயார்.’

“இப்பதான் எழுந்திருக்கு” என்றார் அவர். “கூப்பிட்டவங்க போயாச்சு. கால் மணி நேரம் சும்மா இருந்துட்டு மறுபடி தூங்கிடும். பதிவேட்டுல எழுத அதுக்கு ஒண்ணும் இல்லை.”

கண்காணிப்பாளர் நோட்டைக் காட்டினார். “தினமும் சரியா இருக்குன்னு எழுதியிருக்கீங்களே.”

“நான் ரெண்டு தடவை கூப்பிடறவன் சார். முதல் தடவை எழுப்பறதுக்கு. அதுக்கு என்ன பதில் வந்துதுன்னு நான் பார்த்ததே இல்லை. ரெண்டாவது தடவை கூப்பிடும்போது அது முழிச்சிருக்கும், உடனே பதில் சொல்லும். அதைப் பார்த்துதான் டிக் போட்டேன். முன்னாடி ஆறு நொடியில எழுந்துக்கிட்டிருந்த பெட்டி. வரைபடத்தைச் சேர்த்ததும் பெருத்துப் போய் நாற்பத்தொரு நொடி ஆகுது. முப்பது நொடிக்கு மேல காத்திருக்காதேன்னு எழுதினது நான். மறுபடி கூப்பிடாதேன்னு எழுதினதும் நான். சிஸ்டர் ஸ்கிரீன்ல, பெட்டி எழுந்துதா இல்லையான்னு பார்க்காமலே அனுப்பியாச்சுன்னு காட்ட வச்சதும் நான்தான்.”

கொஞ்சம் நிறுத்தி, “சிஸ்டர் அழுத்தலைன்னு காட்டறதுக்கு என் நோட்டுதான் சார் உங்ககிட்ட இருந்துச்சு. அதை இனிமே எடுத்துக்காதீங்க” என்றார்.

கண்ணாடிக் கடைக்காரர் அப்போதுதான் தலையைத் தூக்கினார். “அது உடனே எழுந்திருந்தா அவ இருந்திருப்பாளா?”

அங்கே இருந்த டாக்டர்களில் யாராவது பதில் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. டபுள் ரிங்தான் சொன்னார்.

“தெரியலங்க. இருந்திருக்கலாம். யாராலயும் அதைத் தெரிஞ்சுக்க முடியாதபடி நான் பண்ணிட்டேன்.”

அந்த மனிதர் வெகுநேரம் அவரையே பார்த்தார். அடிப்பாரோ என்று நினைத்தேன். அடித்திருந்தால் டபுள் ரிங் வாங்கிக்கொண்டிருப்பார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நீங்க அழுத்தினீங்களா சிஸ்டர்?”

“அழுத்தினேன்” என்றேன். அழுத்தியது எனக்குத் திரும்பக் கிடைத்தது. மவுஸின் மேல் என் விரல் ஈரமாக வழுக்கியதுகூட ஞாபகம் வந்தது. வார்டில் எந்தச் சாவுக்கும் அழாதவள் என்று எனக்குப் பெயர். அன்று அந்த மனிதர் முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

என்னை வேலைக்குத் திரும்ப எடுத்தார்கள். அவரை சர்வரிலிருந்து எடுத்து, நாங்கள் முன்பு சொன்னபடியே ஆவண அறைக்கு அனுப்பினார்கள். ஒப்படைப்பதற்கு முன் ஒரு நாள் அவகாசம் கேட்டாராம். அந்த ஒரு நாளில் எல்லாக் குறிப்பையும் திருத்தினார் என்று கேள்விப்பட்டேன். செய்தி உண்மையாகவே போன பிறகுதான் இப்போது பச்சை எழுத்து வருகிறது, போகாவிட்டால் திரை சிவப்பாகிக் கத்துகிறது.

நான் அவரிடம் நன்றி சொல்லவில்லை. பெரிய மனசுக்காரி மாதிரி இங்கே எழுத ஆசைதான், ஆனால் அது பொய். என்னைக் காப்பாற்றியவரும் அவர்தான், பதினாலு நாள் என்னைக் கண்ணாடி முன் நிறுத்தியவரும் அவர்தான். இரண்டில் எதற்கு எதைச் சொல்வது? வராந்தாவில் எதிரே வந்தால் தலையாட்டுவேன், அவரும் தலையாட்டுவார். அந்தக் குழந்தையைத் தடுப்பூசிக்குத் தூக்கி வருவார் கண்ணாடிக் கடைக்காரர். அன்று மட்டும் அந்தக் குழந்தையின் அட்டை ஆவண அறையிலிருந்து அரை மணி நேரம் முன்பே என் மேஜைக்கு வந்திருக்கும். யார் கொண்டுவந்து வைத்தது என்று நான் கேட்டதில்லை. அவரும் வாசலில் நின்றதில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஓய்வு பெற்றார். போன வருஷம் இறந்துபோனார், இருதயம். துக்கம் விசாரிக்கப் போனபோதுதான், நான் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த நாட்களில் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி டீச்சர் சொன்னார்.

வீட்டிலிருந்தும் அவர் சர்வரைப் பார்ப்பாராம். அந்த ஞாயிறு காலை பத்து மணிக்குச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து சோதனையை ஆரம்பித்திருக்கிறார். முதல் பெட்டியாக ரத்தப் பெட்டியைக் கூப்பிட்டதும் குழாய் ரிப்பேர்காரர் வாசலில் வந்து நின்றிருக்கிறார். எழுந்து போனவர் அரை மணி நேரம் கழித்து வந்தார். திரையில் முதல் அழைப்பின் பதில் அப்படியே இருந்தது. ‘நேரம் முடிந்தது.’ முதல் ரிங்கின் பதிலை அவர் வாழ்நாளில் முதல் தடவையாகப் பார்த்தது அப்போதுதான்.

“அன்னைக்குப் பூரா அதே வேலை” என்றார் டீச்சர். “இருபது நிமிஷம் சும்மா விடுவார். ஒரு தடவை கூப்பிடுவார். என்னைக் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்வார். நாற்பத்தொண்ணு. நாற்பத்துமூணு. நாற்பது. ஏழு தடவை பார்த்தோம். எட்டாவது தடவைக்கு நான் மாட்டேன்னுட்டேன். எனக்குப் புரிஞ்சுபோச்சு. கணக்கு டீச்சர்தானே.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“உங்ககிட்ட மறைக்கக் கூடாது சிஸ்டர். ‘இதை உங்களைத் தவிர வேற யாரு கண்டுபிடிப்பாங்க’ன்னு அவர்கிட்ட கேட்டேன். ரிட்டையர் ஆக ரெண்டு வருஷம்தான் இருக்குன்னு சொன்னேன். அவர் என் மேல கோபப்படலை. ‘அந்த சிஸ்டர் இப்ப வீட்ல உட்கார்ந்து, நாம அழுத்தினோமா இல்லையான்னு யோசிச்சுக்கிட்டிருப்பாங்க’ன்னார். அப்புறம் மத்தியானம் சாப்பிடலை.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அதுக்கப்புறம் அவர் என்னை ரெண்டு தடவை கூப்பிட்டதே இல்லை. ஒரு தடவைதான். நான் என்னன்னு கேக்கிற வரைக்கும் அப்படியே நிப்பார்.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த இடத்தில் நான் இருந்தாலும் என் வீட்டுக்காரரிடம் அதையேதான் சொல்லியிருப்பேன்.

போன வாரம் புதிதாக வந்திருக்கிற சர்வர் பொறுப்பாளர் என் வார்டுக்கு வந்தார். சுறுசுறுப்பான ஆள், நின்றபடியே பேசினார்.

“புது மெஷினுக்கு எல்லாத்தையும் மாத்தறோம் சிஸ்டர். ஒவ்வொரு குறிப்பா பார்த்துக்கிட்டு வர்றேன். ரத்தக் கோரிக்கை ஒண்ணு மட்டும் நாலு வருஷமா தூங்கவே இல்லை. நாலு வருஷத்துல ஒன்பது தடவைதான் அதைக் கூப்பிட்டிருக்காங்க. சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கு. அதையும் மத்ததோட சேர்த்துத் தூங்க விட்டுடலாம்னு போனேன். மேல ரெண்டு வரி எழுதியிருந்துச்சு. மெஷின் அதைப் படிக்காது, அடுத்து வர்ற ஆளுக்காக எழுதி வைக்கிறது. எனக்கு ஒண்ணும் புரியலை. உங்ககிட்டக் கேக்கச் சொன்னாங்க.”

போனில் படம் எடுத்து வந்திருந்தார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன்.

‘இந்தப் பெட்டி தூங்கக் கூடாது. எப்போதும் விழித்திருக்க வேண்டும்.

காரணம்: அன்று மூன்று இருபதுக்கு சிஸ்டர் பொத்தானை அழுத்தினார்.’

மறுபடி ஒரு தடவை படித்தேன். இந்த சர்வருக்கு இனி யார் வந்தாலும், எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். இதை எழுதி வைத்துவிட்டு அந்த மனிதர் இரண்டு வருஷம் வராந்தாவில் எனக்குத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

“சிஸ்டர்னா யாரு?” என்று கேட்டார் புதியவர்.

“நான்தான்.”

அவர் போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். “அப்ப புது மெஷின்லயும் அப்படியே எழுதிடறேன்” என்றவர், கதவுவரை போய்த் திரும்பி, “ரெண்டாவது வரியையும்தானே?” என்றார்.

“அதையும்தான்” என்றேன்.